வாசலில் கேட்ட நாமக்கல் பேச்சு

1

இந்த வாரம் மெல்போர்னில் மறுபடியும் டிக்கெட் விற்பனை தொடங்கிவிட்டது. போன வருடம் வந்த அதே இசையமைப்பாளர் இந்த வருடமும் வருகிறார். நான் வேலை செய்யும் கிடங்கில் தேநீர் இடைவேளை விட்டதும் தமிழும் தெலுங்கும் மலையாளமும் பேசுகிறவர்கள் சுவரோரம் போய் நின்று போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. "நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள், பக்கத்தை மூடாதீர்கள்" என்று திரை சொல்லும். உங்களுக்கு முன்னால் எத்தனை ஆயிரம் பேர் என்றும் காட்டும். அந்த எண் குறையக் குறைய ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கடைசியில் இவர்கள் முறை வரும்போது எல்லாம் விற்றுப்போயிருக்கும். ஒருவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி, பாதி குடித்த டீயைக் குப்பையில் ஊற்றினார்.

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் கேட்பதுண்டு: "அங்கெல்லாம் டிக்கெட்டுக்கு அடிதடியே இருக்காதாமே?" இல்லைதான். யாருடைய முழங்கையும் யார் விலாவிலும் இடிப்பதில்லை. அவரவர் வீட்டில், அவரவர் சோபாவில் உட்கார்ந்தபடி தோற்றுப்போகிறோம்.

மதியம் எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. வார இறுதிகளில் நான் காவலர் வேலைக்கும் போகிறேன். கச்சேரி நாளுக்கு ஆள் வேண்டும், வருகிறீர்களா என்று நிறுவனம் கேட்டிருந்தது. முடியாது என்று பதில் போட்டேன். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை. அப்படிக் கேட்கும் வழக்கம் அவர்களுக்குக் கிடையாது.

சேலத்து நண்பர் நடத்தும் இந்தச் சிறு பத்திரிகையில் நான் இதுவரை எழுதியதெல்லாம் நீங்கள் படித்துச் சிரித்தவைதான். குளிரில் இட்லி மாவு பொங்காத கதை, பக்கத்து வீட்டு நாய்க்கு நாங்கள் பயந்த கதை. இதை அப்படி எழுத முடியாது. ஒரு வருடமாக எழுதாமல் இருந்ததற்குக் காரணமும் இதுதான்.

2

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் பழனிவேல். நாமக்கல்லில் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்தேன். மனைவி மலர் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அவளுடைய படிப்புக்குத்தான் ஆஸ்திரேலியாவில் விசா கிடைத்தது. நான் அவளோடு ஒட்டிக்கொண்டு வந்தவன். லாரி பாடி கட்டத் தெரிந்தவனுக்கு இங்கே என்ன வேலை இருக்கிறது? வாரம் முழுக்கக் கிடங்கில் பெட்டி தூக்குகிறேன். சனி ஞாயிறு வாசலில் நிற்கிறேன்.

எங்களுக்கு ஒரே மகன், தருண். ஊரில் மூன்றாம் வகுப்பு முடித்த கையோடு இங்கே வந்தான். வந்தபோது அவனிடம் இருந்தது எங்கள் பேச்சு மட்டும்தான். "அப்பா, ஊட்டுக்கு எப்பங்க போறோம்?" என்று விமான நிலையத்திலேயே கேட்டவன் அவன்.

தமிழ் மறந்துவிடக்கூடாது என்று வார இறுதித் தமிழ் வகுப்பில் சேர்த்தோம். பல ஊர்களிலிருந்து, பல நாடுகளிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். ஒருநாள் எழுந்து நின்று, "நாளைக்கு எங்க ஊட்டுக்கு விருந்தாளி வாராங்க" என்றிருக்கிறான். வகுப்பே சிரித்தது. ஆசிரியை நல்ல மனுஷி. "ஊடு இல்லை கண்ணா, வீடு" என்று திருத்தினார். பிள்ளைகள் அதற்கும் சிரித்தார்கள். பிறகு வகுப்புக்குப் போக மறுத்தான். பிறகு எங்களோடு தமிழில் பேசுவதையும் நிறுத்தினான். நாங்கள் தமிழில் கேட்போம், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். "சாப்பிட்டியா சாமி?" என்றால் "யா" என்பான்.

பல்கலைக்கழகம் சேர்ந்தபோது அதுவும் குறைந்தது. அறைக் கதவு சாத்தியிருக்கும். தட்டினால் திறக்கும், விஷயம் முடிந்ததும் சாத்திக்கொள்ளும். அவன் நண்பர்களோடு போனில் பேசுவதைக் கேட்டுவிட்டு மலர், "நம்ம பேச்சு அவனுக்கு மறந்தே போச்சுங்க" என்று வருத்தப்படுவாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

3

டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் ஏமாந்து நின்றவர்கள்தான் நாங்களும்.

கல்யாணமான புதிது. ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஆத்தூர் ரோட்டில், அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஒரு பொட்டல் காட்டில் பெரிய பாடகர்கள் வரும் கச்சேரி என்று சுவரெல்லாம் போஸ்டர். கேசட் கடையில் டிக்கெட் கொடுத்தார்கள். பட்டறைக்கு விடுப்புப் போட்டுவிட்டு விடிகாலையிலேயே போய் நின்று இரண்டு வாங்கினேன். மலர் கல்யாணப் புடவையை எடுத்து மடிப்புக் கலைத்துக் கட்டிக்கொண்டாள்.

போட்ட நாற்காலியைப் போல இரண்டு பங்கு டிக்கெட் விற்றிருக்கிறார்கள் என்பது அங்கே போனபிறகுதான் தெரிந்தது. தகரக் கதவைச் சாத்திவிட்டார்கள். ராசிபுரத்திலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் லாரி பிடித்து வந்த கூட்டம் கையில் டிக்கெட்டை உயர்த்திக்கொண்டு கத்தியது. பின்னாலிருந்து தள்ளினார்கள், முன்னாலிருந்து போலீஸ் தடியை ஓங்கியது. மலர் என் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தாள். நான் அவளை இழுத்து எடுத்தபோது கழுத்தில் தாலிக்கொடி இல்லை.

அடுத்த நாள் காலையில் இருவரும் போய் அந்தக் காட்டைச் சலித்தோம். செருப்புகள், கிழிந்த டிக்கெட்டுகள், யாரோ ஒரு குழந்தையின் கொலுசு கிடந்தன. கொடி கிடைக்கவில்லை. கோயிலில் வைத்து மறுபடி தாலி கட்டினேன். ஆனாலும் எங்கள் சொந்தத்தில் அந்தப் பேச்சு அடங்கவில்லை. அவளுக்கு முதல் கரு கலைந்தபோது, "தாலியைத் தொலைச்சவதானே" என்றார்கள். அவள் காதுபடவே சொன்னார்கள்.

கச்சேரி நடத்தியவரைச் சேலத்தில் எல்லோருக்கும் தெரியும். போலீசில் புகார் கொடுக்கலாம் என்றேன். "உடுங்க மாப்பிள்ளை, நம்ம ஆளு" என்றார் என் மாமனார். அடுத்த வருடம் ஒரு திருவிழாவில், கச்சேரி நடத்திய அந்த ஆளே வரவேற்புக் குழுத் தலைவராகக் கழுத்தில் மாலையோடு மேடையில் நின்றார். மலர் அவரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஏமாந்தவள்தான் குனிய வேண்டியிருந்தது.

4

போன வருடக் கச்சேரி நாள். கோடை முடியும் நேரம், வெயில் இன்னும் சாயவில்லை. விளையாட்டரங்கின் வாசலொன்றில் எனக்கு வேலை. இங்கே டிக்கெட் என்பது காகிதமில்லை. போனில் ஒரு க்யூ.ஆர். கட்டம் இருக்கும், அதைக் கருவியில் காட்டினால் பச்சை விளக்கு எரியும். ஒரே கட்டத்தை இரண்டாவது ஆள் காட்டினால் சிவப்பு. முதலில் வந்தவருக்கு மட்டும்தான் உள்ளே இடம்.

சிவப்பு விளக்கு அடிக்கடி எரிய ஆரம்பித்தது. என்னுடைய மேற்பார்வையாளர் வெள்ளைக்காரப் பெண், பொறுமையானவர். என்னைக் கூப்பிட்டு, ஓரமாக நின்ற இரண்டு பேரைக் காட்டி, "உன் மொழியில் சொல்லிப் புரியவை" என்றார்.

ஒரு இளம்பெண். மார்பில் கட்டிய கைக்குழந்தை. பக்கத்தில் அவளுடைய அம்மா, பட்டுப்புடவை, காலில் புதுச் செருப்பு. பெண்ணின் பெயர் சுதா. அம்மா பெயர் பாவாயி, ஊர் சேந்தமங்கலம். மகள் பிரசவத்துக்காக வந்தவர், அடுத்த நாள் ஊருக்கு விமானம். வந்த நாளிலிருந்து சமையலறையும் குழந்தையும்தான் அவருக்குத் தெரிந்த ஆஸ்திரேலியா. இந்த இசையமைப்பாளர் வருகிறார் என்று தெரிந்ததும், "அவரை ஒருக்கா நேர்ல பார்த்துட்டுப் போயிரோணும்" என்று கேட்டிருக்கிறார். அவர் மகளிடம் வேறெதுவும் கேட்டதில்லை. விற்பனை நாளில் சுதா போனைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் இருந்திருக்கிறாள். குழந்தை அழுதது, பால் கொடுத்துவிட்டுப் பார்த்தால் வரிசை போய்விட்டது. பிறகு நம் ஊர்க்காரர்களின் வாட்ஸாப் குழுவில் ஒருவன், கைவசம் இரண்டு டிக்கெட் இருக்கிறது என்று போட்டிருந்தான்.

"இந்த டிக்கெட்ல வேற ஆரோ ஏற்கெனவே உள்ள போயிட்டாங்கம்மா" என்றேன்.

"அதெப்படிண்ணா? நாங்க வாங்கினது இது" என்றாள் சுதா.

பாவாயி என் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்தார். "ஏஞ் சாமி, நீங்க நம்மூர்ப் பக்கமுங்களா?"

"நாமக்கல்லுங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாரு சுதா, நாஞ் சொன்னன்ல. அந்தத் தம்பியும் நாமக்கல்தான். அவன் பேசுனத இவருக்குப் போட்டுக் காட்டு. ஏமாத்தறவன் அப்படிப் பேச மாட்டான்."

சுதா அவன் அனுப்பியிருந்த குரல் பதிவைத் தட்டினாள். சுற்றிலும் இரைச்சல், அவள் போனை என் காதருகே தூக்கிப் பிடித்தாள்.

"ஒண்ணுமே பயப்படாதீங்க அம்மா. டிக்கெட் நல்ல டிக்கெட்டுங்க. நாமக்கல்காரங்க நாங்க ஏமாத்த மாட்டமுங்க. சந்தோசமாப் போயிட்டு வாங்க சாமி."

அது தருணின் குரல்.

பெயர் கார்த்தி என்று சொல்லியிருந்தான். ஆனால் அந்தக் குரலை நான் எங்கே கேட்டாலும் அறிவேன். பன்னிரண்டு வருடமாக என்னிடம் ஒரு வாக்கியம் தமிழில் பேசாதவன், ஒரு சொல் பிசகாமல், இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, என் ஊர்ப் பேச்சைப் பேசுகிறான். மறுபடி ஒருமுறை போடச் சொன்னேன். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. அது அவன் இல்லை என்று உறுதி செய்வதற்கா? அல்லது என் மகன் தமிழ் பேசுவதை இன்னொரு தடவை கேட்பதற்கா?

"கேட்டீங்களாண்ணா? நல்ல பையன் மாதிரிதானே இருக்கு?" என்றாள் சுதா.

மேற்பார்வையாளர் தூரத்திலிருந்து கையைக் காட்டினார்; வழியை அடைக்காதே என்று பொருள். "உள்ள உட முடியாதுங்கம்மா" என்றேன்.

"சீட்டெல்லாம் வேண்டாஞ் சாமி. ஒரு ஓரமா நின்னு பார்த்துட்டு வந்தர்றேன். பொண்ணு கைக்குழந்தையோட வெளியிலயே இருக்கட்டும்."

"முடியாதுங்க."

அவர் என் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். சுதா தன் எண்ணை எனக்குக் கொடுத்து, "ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்கண்ணா, மத்தவங்களாவது ஏமாறாம இருக்கட்டும்" என்றாள். இரண்டு பேரும் டிராம் நிறுத்தம் வரைக்கும் நடந்துபோய் அங்கே உட்கார்ந்தார்கள். உள்ளே முதல் பாட்டு தொடங்கியது. வெளியே அதிர்வு மட்டும்தான் வரும், குரல் வராது. அந்த அம்மா காதைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது என் வாசலிலிருந்து தெரிந்தது.

அதற்குப் பிறகும் ஆட்கள் வந்தார்கள். வேலை முடிந்து சீருடையோடு ஓடிவந்த ஒரு ஜோடி, இரண்டு பெண்பிள்ளைகளோடு ஒரு தகப்பன். சிவப்பு, சிவப்பு. ஒவ்வொருவரிடமும் என்னையே அனுப்பினார்கள். ஒவ்வொருவரும் கார்த்தி என்றார்கள். அந்தத் தகப்பன் என்னைத் திட்டினான். திட்டட்டும் என்று நின்றேன். அவனுடைய சின்ன மகள் கன்னத்தில் மினுக்குப் பொடி பூசியிருந்தாள். அழுததில் அது கழுத்துவரை வழிந்திருந்தது.

5

மறுநாள் காலை, தருண் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பாலில் தானியம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மலர் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கார்த்தி யாரு?" என்றேன்.

கரண்டி நின்றது. தெரியாது என்றான், ஆங்கிலத்தில்.

குரல் பதிவில் அவன் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னேன். "நாமக்கல்காரங்க நாங்க ஏமாத்த மாட்டமுங்க." மலர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. நேற்று நடந்ததை அவளிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது இருவருக்கும் சேர்த்துச் சொன்னேன்.

அவன் மறுக்கவில்லை. முதலில் நண்பர்களுக்காக வரிசையில் இருந்து வாங்கிக் கொடுத்தானாம். அவனுக்கு அது சுலபமாகக் கிடைத்தது. பிறகு, கிடைக்காதவர்கள் என்ன விலையும் கொடுப்பார்கள் என்று தெரிந்தது. பிறகு, ஒரே கட்டத்தைப் படமெடுத்து எத்தனை பேருக்கும் அனுப்பலாம் என்று தெரிந்தது. வேறு நகரத்தில் வேறு கச்சேரிக்கும் செய்திருக்கிறான். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில், பாடத்தை ஒப்பிப்பது போலச் சொன்னான்.

"எதுக்குடா அந்தப் பேச்சு?" என்று கேட்டேன். "இங்கிலீஷ்லயே ஏமாத்தியிருக்கலாமே?"

அவன் தோளைக் குலுக்கினான். ஆங்கிலத்தில் பேசினால் ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள், அடையாள அட்டை காட்டச் சொல்கிறார்கள் என்றான். "சாமின்னா போதும்ப்பா. ஒண்ணுமே கேக்க மாட்டாங்க."

இந்த இரண்டு வாக்கியத்தை மட்டும் தமிழில் சொன்னான்.

நான் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவனுக்கு வசதியாகப் போயிருக்கும், அடித்தவன் பக்கம் தப்பு திரும்பியிருக்கும். அவன் எழுந்து அறைக்குள் போனான். கதவு சாத்திக்கொண்டது.

மலர் என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். "அவுங்கவுங்க பணத்தைத் திருப்பிக் குடுத்துரலாமுங்க. நாங் கூடுதல் டூட்டி பாக்கறேன். வெளிய தெரிய வேண்டாம்."

"அந்தம்மா இன்னைக்கு ஊருக்குப் போகுது மலர். அவுங்களுக்கு என்னத்தைத் திருப்பிக் குடுப்ப?"

"அவன் குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருக்கானுங்க. கேசுன்னு ஒண்ணு வந்தா என்னாகும்? படிப்பு என்னாகும்?" சொல்லிக்கொண்டே கொடியில் காய்ந்த துண்டை இழுத்து எடுத்தாள். "அன்னைக்கு எந் தாலி போச்சே. அந்த ஆளை எந்த அப்பன் புடிச்சுக் குடுத்தான்? எல்லாரும் நம்ம ஆளு, நம்ம ஆளுன்னு மறைச்சாங்க. நீங்க மட்டும் எதுக்குங்க?"

"அதுக்காகத்தான்" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். இருபத்து மூன்று வருடக் குடும்ப வாழ்க்கையில் அப்படி ஒரு பார்வையை நான் கண்டதில்லை. உள்ளே போய்விட்டாள்.

தோட்டத்தில் நின்றபடியே சுதாவுக்குப் போன் போட்டேன். பின்னணியில் பெட்டியை இழுக்கும் சத்தம், யாரோ பாஸ்போர்ட்டைத் தேடும் சத்தம். "நேத்து நீங்க போட்டுக் காட்டின குரல் என் மகனுதும்மா" என்றேன்.

பெட்டிச் சத்தம் நின்றது.

"வாசல்லயே தெரியுமாண்ணா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுட்டுத்தான் எங்கம்மாவத் திருப்பி அனுப்புனீங்களா?"

விதிமுறை என்று சொல்லலாம், வேலை என்று சொல்லலாம். அவள் காத்திருக்காமல் போனை வைத்துவிட்டாள்.

6

ஏமாந்தவர்களில் யார் யார் புகார் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. சுதா கொடுத்தாள். ஒரு வாரநாளில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஷூவைக் கழற்றட்டுமா என்று வாசலில் நின்று மரியாதையாகக் கேட்டார்கள். எனக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

என் வாக்குமூலத்தை எடுக்க நிலையத்துக்குப் போனேன். குரல் பதிவை மொழிபெயர்க்க, போனில் ஒரு அரசு மொழிபெயர்ப்பாளர். அவர் தமிழர்தான், ஆனால் எங்கள் பக்கத்து ஆள் இல்லை. பதிவைக் கேட்டு வரிவரியாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசி வரியில் "மகிழ்ச்சியாகப் போய் வாருங்கள் கடவுளே" என்று முடித்தார்.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "இவன் ஏன் அந்தப் பெண்மணியைக் கடவுளே என்கிறான்? மதம் சம்பந்தப்பட்ட மிரட்டலா?"

மொழிபெயர்ப்பாளருக்கும் விளக்கத் தெரியவில்லை. நான்தான் என் அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினேன். எங்கள் ஊரில் பெரியவர்களையும் அப்படிக் கூப்பிடுவோம், குழந்தைகளையும் அப்படிக் கூப்பிடுவோம். அன்புக்குச் சொல்வது, மரியாதைக்கும் சொல்வது. என் மகனை நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

"அப்படியானால் நம்பிக்கையைப் பெறுவதற்காக வேண்டுமென்றே பயன்படுத்திய சொல், இல்லையா?" என்றார்.

ஆமாம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். பெற்ற பிள்ளைக்கு எதிராக நான் கொடுத்த சாட்சியத்தில் பெரிய பகுதி அந்த ஒரு சொல்லின் பொருள்தான்.

நீதிமன்றத்தில் தருண் குற்றத்தை ஒப்புக்கொண்டான். வக்கீல் அவனுக்காகப் பேசினார். இளம் வயது, அந்நிய நாட்டில் தனியாக வளர்ந்தவன், தகப்பன் வாரம் ஏழு நாளும் வேலைக்குப் போய்விடுவார், வீட்டில் பேச ஆளில்லை என்றார். நான் பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். எழுந்து நின்று மறுக்கும்படி அதில் ஒன்றுமில்லை. சிறை இல்லை என்று தீர்ப்பானது. வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும், பொதுச் சேவை செய்ய வேண்டும். குற்றம் பதிவில் இருக்கும். குடியுரிமை விண்ணப்பம் அப்படியே கிடக்கிறது. எப்போது எடுப்பார்கள் என்று கேட்டால், பரிசீலனையில் உள்ளது என்று ஒரே பதில் வருகிறது.

அவன் வீட்டை விட்டுப் போய்விட்டான். நகரத்தின் இன்னொரு கோடியில் மூன்று பேரோடு ஒரு மாடி வீட்டில் இருக்கிறான். மலர் ஞாயிற்றுக்கிழமைகளில் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போகிறாள். நான் ஓட்டிக்கொண்டு போய் இறக்கிவிடுகிறேன், காரிலேயே இருக்கிறேன். அவன் கீழே இறங்கி வந்ததில்லை. நானும் மேலே போனதில்லை. வீட்டில் மலர் என்னோடு சண்டை போடுவதில்லை. உப்பு இருக்கிறதா, பில் கட்டியாச்சா என்ற அளவில் பேச்சு நடக்கிறது. இங்குள்ள தமிழர்கள் நான் செய்தது சரி என்றுதான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுத் தங்கள் வீட்டு விசேஷங்களுக்கு எங்களைக் கூப்பிடாமல் விட்டுவிடுகிறார்கள்.

7

போன மாதம் ஊருக்கு வந்திருந்தேன், தனியாக. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் பஸ் ஏறினேன். சுதாவிடம் முகவரி கேட்டுச் செய்தி அனுப்பியிருந்தேன். நெடுநாள் கழித்து முகவரி மட்டும் வந்தது, வேறு ஒரு வார்த்தையும் இல்லை.

ஊருக்கு வெளியே, மரவள்ளிக் காட்டை ஒட்டி, தார்சு போட்ட கான்கிரீட் கூரை வீடு. வாசலில் கிழங்கு ஏற்ற வந்த டிராக்டர் நின்றது. பாவாயி ஆட்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். சீருடை இல்லாததால் முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை. சொன்னதும் சொம்பைக் கீழே வைத்தார்.

"வாங்க" என்றார். நாற்காலி எடுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். சாமி என்று கூப்பிடவில்லை.

கொண்டுபோன பழத்தையும் இனிப்பையும் மேசைமேல் வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன். அவன் சார்பிலும் கேட்கிறேன் என்றேன்.

"அவன் கேக்கச் சொன்னானுங்களா?"

"இல்லீங்க."

"அப்ப உங்களோடத மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். டிராக்டரில் கிழங்கு விழும் சத்தம் தடதடவென்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"பணம் வந்துருச்சுங்க. சுதா சொல்லுச்சு," என்றார். "பாட்டுக் கேக்காததும் பெருசில்லீங்க. இந்த வயசுக்கு மேல கேட்டு என்ன ஆவப்போகுது? இப்ப டிவியில அவரு பாட்டு வந்தாக்கூட நான் அமத்திப்போடறேன். அது போவட்டும்." சொம்பை ஓரமாக நகர்த்தி வைத்தார். "அந்த ஊர்ல நான் இருந்த வரைக்கும் எம் பேச்சு ஒருத்தருக்கும் வெளங்கல. மருமகனே சிரிப்பாரு. அந்தப் பையன் போன்ல பேசுனப்பதான், அட, நமக்கும் இங்க ஒரு ஆளு இருக்குதுன்னு நெனச்சேன். டிக்கெட் வாங்குனதுக்கப்புறமும் ரெண்டு நாளு அவங்கூடப் பேசியிருக்கறனுங்க. காட்டுல மழை பேஞ்சுதான்னு கேட்டான். எனக்குக் கால்வலின்னு சொன்னேன். வெந்நீர்ல உப்புப் போட்டு வைங்கன்னான்."

இது எனக்குத் தெரியாது. போலீசிலோ நீதிமன்றத்திலோ யாரும் இதைச் சொல்லவில்லை. டிக்கெட் விற்று முடித்த பிறகும் எதற்காகப் பேசினான்? அவர் மூலம் இன்னும் ஆள் கிடைக்கும் என்றா? அல்லது அவனுக்கும் பேச வேண்டியிருந்ததா?

"இப்ப ஊட்டுல உங்ககூட நம்ம பேச்சுப் பேசறானுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்கம்மா. எங்கூட எந்தப் பேச்சும் இல்லீங்க."

அவர் எழுந்து சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டார். ஆட்கள் மோருக்குக் காத்திருந்தார்கள்.

"பேச வெக்காதீங்க," என்றார். "அவன் வாயில அது வேண்டாமுங்க."

சொல்லிவிட்டு டிராக்டர் பக்கம் நடந்தார். நான் நாற்காலியை எடுத்துச் சுவரோரம் வைத்தேன். பிறகு வெயிலில் நடந்து ரோட்டுக்கு வந்தேன். பஸ் கண்டக்டர் படியில் தொங்கியபடி, "எங்க சாமி போவோணும்?" என்று கேட்டார். எங்கள் பேச்சில் பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். "நாமக்கல்லா, எங்கீங்க?" என்று அவர் மறுபடி கேட்டபோதும் நான் தலையைத்தான் ஆட்டினேன்.